விற்ற பிறகும் சாவி அவர்கள் கையில்

பொருள் வாங்கும் விஷயத்தில் ராஜபாளையத்துக்காரரையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரையும் ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ராஜபாளையத்தில் வெள்ளை நாய்க்குட்டி வாங்கப் போகிறவர், மூக்கு ரோஜா நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடமாட்டார். குட்டிக்குப் பின்னால் போய் நின்று கைதட்டுவார். அந்த இனத்தில் செவிட்டுக் குட்டி பிறப்பதுண்டு என்பது அவருக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குகிறவர், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு காசை நீட்டுவதில்லை. ஒரு துளி வாயில் போட்டு, பால் சுண்டியது போதுமா, சர்க்கரை தூக்கலா என்று நாக்கைக் கேட்டுவிட்டுத்தான் அரைக் கிலோ போடச் சொல்வார். இத்தனை விவரமான ஜனங்களை ஒரே ஒரு பொத்தானை வைத்து வருஷக்கணக்காக ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 'வாங்கு' என்று அதில் எழுதியிருக்கிறது. அமுக்கினால் காசு போகிறது. பொருள்தான் வருவதில்லை.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு பகல் நின்றவனுக்குக்கூடத் தெரியும், கிரயம் வேறு, ஒத்தி வேறு, வாடகை வேறு. கிரயம் முடிந்தால் சொத்து நமது. வாடகை என்றால் மாதா மாதம் காசு, மாதா மாதம் உரிமை. ஒத்திக்கு வீடு பிடித்தவன், கெடு முடிந்து காலி செய்யும்போது கொடுத்த முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிய பிறகுதான் சாவியை நீட்டுவான். சினிமாவையும் வீடியோ கேமையும் இணையத்தில் விற்கிற கம்பெனிகள் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கின்றன. கிரயத்துக்கு உண்டான விலை. வாடகைக்காரனுக்கு உண்டான உரிமை. ஒத்திக்காரனுக்கு உண்டான பணம் மட்டும் திரும்பி வராது. நம் ஊர்ப் பத்திர எழுத்தரிடம் இந்த விவகாரத்தைச் சொல்லி எழுதித் தரச் சொன்னால் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்:

"மேற்படி படத்தின் கிரயத் தொகை முழுவதையும் தங்களிடமிருந்து ரொக்கமாகப் பெற்றுக்கொண்டுவிட்டபடியால், இன்று முதல் எங்கள் மனம் மாறும் வரைக்கும், எங்களுக்கும் படத்தின் முதலாளிக்கும் உள்ள ஒப்பந்தம் ஓடும் வரைக்கும், எங்கள் கம்பெனி கடை நடத்தும் வரைக்கும், தாங்கள் மேற்படி படத்தைப் பார்த்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது. தங்கள் புத்திர பௌத்திரர்களுக்கு இதில் யாதொரு பாத்தியதையும் கிடையாது. தானம், விக்கிரயம், அடமானம் எதற்கும் தங்களுக்கு யோக்கியதை கிடையாது. மேற்படி படத்தில் பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால், அதைத் தங்கள் சொந்தச் செலவிலும் சொந்தப் பொறுப்பிலும் தாங்களே சகித்துக்கொள்ள வேண்டியது. இது தங்கள் முழுச் சம்மதத்தின் பேரில் நாங்களே எழுதிக்கொண்ட பத்திரம்."

எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இது கிரயமா கிறுக்கா?" என்று கேட்பார். ஆனால் நாம் தினமும் இதில் கையெழுத்துப் போடுகிறோம். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக். அதுதான் கையெழுத்து, அதுதான் கைரேகை, அதுதான் இரண்டு சாட்சி.

மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2009 ஜூலையில் அமேசான், தன் கிண்டில் கருவிகளில் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த புத்தகங்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, கம்பியில்லா இணைப்பு வழியாகவே கைவிட்டு உருவிக்கொண்டது. உருவப்பட்ட புத்தகங்கள் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை'. ஒரு சிறுகதையில் இப்படி எழுதினால் நம்பும்படியாக இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். கம்பெனிக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, மன்னிப்பும் கேட்டது. கை நுழைய வழி இருக்கிறது என்பதையும் உலகத்துக்குக் காட்டிவிட்டது.

2022-ல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், சோனியின் பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து 'வாங்கிய' ஸ்டுடியோகனால் கம்பெனிப் படங்கள், வாங்கியவர்களின் தொகுப்பிலிருந்தே காணாமல் போயின. 2023 டிசம்பரில் அதே சோனி, டிஸ்கவரி நிகழ்ச்சிகளை மாதக் கடைசியோடு எடுத்துவிடப் போவதாக வாங்கியவர்களுக்கு அறிவித்தது. ஊர் கூடிக் காறித் துப்பிய பிறகு, புது ஒப்பந்தம் போட்டாயிற்று, இப்போதைக்கு இருக்கும் என்றது. இப்போதைக்கு! 2024-ல் ஒருவர், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் இருக்கும் என் கணக்கை உயில் எழுதி வைக்கலாமா என்று கேட்டதற்கு, முடியாது என்று பதில் வந்தது. தாத்தா வைத்துவிட்டுப் போன கிராமபோன் தட்டு பேரனுக்கு வரும். தாத்தா வாங்கிய கேம் தாத்தாவோடு தகனம்.

கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. உரிமம் மட்டுமே கொடுக்கிற கடை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்பனை என்று காட்டக் கூடாது. திருட்டை நிறுத்து என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. திருடுவதற்கு முன் தகவல் சொல் என்கிறது. அந்த அளவுக்காவது அங்கே வெட்கம் வந்திருக்கிறது. நம் மத்திய அரசு 2023 நவம்பரில் இணையக் கடைகளின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டு, கூடாது என்றது. நல்ல பட்டியல். விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வது மட்டும் அந்தப் பதின்மூன்றில் இல்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பதினான்காம் எண்ணுக்குத் தாளில் இடமில்லாமலும் போயிருக்கலாம்.

அரசுக்குச் சட்டம் போடத் தெரியாது என்று யாரும் குறைவாக எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டம் 1982-ல் வந்தது. சாராயம் காய்ச்சுகிறவர், நிலம் அபகரிக்கிறவர் வரிசையில், 2004-ல் திருட்டு விசிடிக்காரரையும் சேர்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தார்ப்பாயை விரித்து, பிளாஸ்டிக் உறையில் புதுப்படம் விற்றவனை, விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். திருட்டு திருட்டுதான், அவனுக்காக நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான். அடுத்தவன் படத்தைப் பிரதி எடுத்து விற்றவன் குண்டன் என்றால், நமக்கு விற்ற படத்தை நம் அலமாரியிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறவன் யார்? தார்ப்பாய்க்காரன் நமக்குக் கொடுத்த வட்டைத் திரும்பப் பிடுங்கியதாக இதுவரை ஒரு புகாரும் கேட்டதில்லை. திருடனிடம் இருந்த அந்த நாணயத்தையாவது கம்பெனியிடம் எதிர்பார்க்கலாமா, கூடாதா?

நேர்மையான வழியும் அன்றைக்கு இருந்தது. 2007-ல் மோசர் பேர் கம்பெனி, திருட்டு விசிடிக்குப் போட்டியாக அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கடையில் இறக்கியது. மளிகைக் கடையில்கூடத் தொங்கியது. அதே கம்பெனி பங்கெடுத்துத் தயாரித்த படம்தான் 2008-ல் சசி இயக்கிய 'பூ'. நம் விருதுநகர் மாவட்டத்துக்காரர் ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையிலிருந்து பிறந்த படம். பட்டாசு ஆலைக்குப் போகிற மாரியின் கதை. மோசர் பேர் கடனில் மூழ்கி, 2018-ல் அதைக் கலைக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. கம்பெனி செத்துப் போனது. அது விற்ற வட்டு இன்றைக்கும் யாரையும் கேட்காமல் ஓடுகிறது. இன்றைய நிலைமை தலைகீழ். கம்பெனி கொழுகொழுவென்று இருக்கிறது. அது விற்றதுதான் செத்துப் போகிறது.

மாதச் சந்தா கட்டிப் பார்ப்பது வாடகை என்பது நமக்கே தெரியும். அதில் சொந்தம் கொண்டாட முடியாது, சரி. ஆனால் வாடகைக்காரனுக்கும் மரியாதை உண்டா இல்லையா? நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் ஏறியது. எதிர்ப்பு வந்ததும் ஜனவரியில், இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிட்டது. தணிக்கைச் சான்று பெற்றுத் திரையரங்கில் ஓடிய படம் அது. இளையராஜா தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும், 2025 செப்டம்பரில் 'குட் பேட் அக்லி' அங்கிருந்து இறங்கியது. இசையமைப்பாளர் தன் உரிமையைக் கேட்டது நியாயம். நடுவில் சந்தா கட்டியவனுக்கு என்ன நியாயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அமேசான் பிரைம் தன் பங்குக்கு 2025 ஜூன் 17 முதல் படத்துக்கு நடுவே விளம்பரத்தைச் செருகியது. விளம்பரம் வேண்டாமா, மாதம் 129 ரூபாய் கூடுதலாகக் கட்டு என்றது. கட்டிய காசுக்குத் தொல்லை, தொல்லை நீங்கத் தனிக் காசு. இதை ஊரில் ஒரு ஆள் செய்தால் மாமூல் என்று சொல்லிப் போலீஸில் பிடித்துக் கொடுப்பார்கள்.

'ஏமாளி ரசிகன்தானே' என்று சினிமாக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அவர்கள் கழுத்திலும் இதே கயிறுதான். ஒரு காலத்தில் ராஜபாளையம் தியேட்டருக்குப் படப்பொட்டி வந்து இறங்கும். மேளம் அடித்து, மாலை போட்டு, வெடி வெடித்து உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள். பொட்டி வந்துவிட்டால் படம் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்குப் படம் வந்து வட்டில் உட்கார்ந்திருக்கும். திறக்கிற எண்சாவி மட்டும் எங்கிருந்தோ வர வேண்டும். அதிகாலையிலிருந்து கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிய பிள்ளைகளிடம், "தம்பி, கேடிஎம் வரலைப்பா" என்று மேனேஜர் கையை விரிப்பார். விக்ரம் நடித்த 'வீர தீர சூரன்' 2025 மார்ச் 27 அன்று, டெல்லி உயர் நீதிமன்ற வழக்கினால் காலைக் காட்சியும் பகல் காட்சியும் இல்லாமல், மாலையில்தான் ஓடியது. 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுத் தமிழ்ப் படமே வரவில்லை. கியூப், யுஎஃப்ஓ போன்ற டிஜிட்டல் கம்பெனிகள் வாங்கிய கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. கோடி கோடியாகப் போட்டுப் படம் எடுத்தவருக்கே சாவி கையில் இல்லை. சில நூறு ரூபாய் கட்டியவனுக்கா தரப் போகிறார்கள்?

வீடியோ கேம் பக்கம் வந்தால் அநியாயம் இன்னும் பச்சையாக இருக்கிறது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் போனது. அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சர்வரை அணைத்தார்கள். மில் ஷிஃப்ட் முடிந்து வந்து விடிய விடிய விளையாடிய பையன்கள், துப்பாக்கிக்கு ஒரு வண்ணம், சட்டைக்கு ஒரு வண்ணம் என்று சம்பளக் காசில் வாங்கி வைத்திருந்தது ஒரே இரவில் காற்றோடு போனது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற புதுப் பெயரில் வந்தார்கள். பழைய கணக்கைக் கொண்டுவரலாம் என்றார்கள். 2022 ஜூலையில் அதையும் கடையிலிருந்து எடுத்தார்கள். 2023 மே மாதம் மறுபடி வந்தது. தேசப் பாதுகாப்பு பெரிய விஷயம். கேள்வி கேட்கக் கூடாது. கொடுத்த காசுக்குக் கணக்கு கேட்பது எந்தத் தேசத்துக்கு ஆபத்து?

வட்டு வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் அவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். யூபிசாஃப்ட் 2014-ல் விற்ற 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31-ல் அணைத்தார்கள். தனியாக விளையாடவும் சர்வர் வேண்டும் என்று செய்து வைத்திருந்ததால், வட்டு வைத்திருந்தவருக்கும் அது கோலம் போடுகிற தட்டு ஆகிவிட்டது. அந்தக் கோபத்தில், விற்ற கேமைச் சாகடிக்காதே என்று ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. நிண்டெண்டோ 2025-ல் கொண்டுவந்த ஸ்விட்ச் 2-க்கான சில கேம் அட்டைகளில் கேமே கிடையாது; உள்ளே இருப்பது இறக்கிக்கொள்வதற்கான அனுமதி மட்டும். சோனியின் பிஎஸ்5 புரோ வட்டுப் போடும் இடமே இல்லாமல் வந்தது. வேண்டுமென்றால் தனிக் காசு. வட்டா, பதிவிறக்கமா, எது உங்கள் விருப்பம் என்று நம்மைக் கேட்டுக்கொண்டே, ஒரு கதவை வெளியிலிருந்து ஆணி அடித்து மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

வட்டு ஒன்றும் அமிர்தமில்லை. பூஞ்சை பிடிக்கும், கீறல் விழும், பிளேயர் ரிப்பேர் ஆனால் சரிசெய்ய ஆள் கிடைக்காது. புது லேப்டாப்பில் அதைப் போட ஓட்டை கிடையாது. இணையத்தில் இறக்குவதும் பாவமில்லை. ஜிஓஜி என்ற கடை 2008 முதல் பழைய கேம்களைப் பூட்டில்லாமல் விற்கிறது. ஒரு தடவை இறக்கி உங்கள் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், நாளைக்கு அந்தக் கடையே போனாலும் கேம் ஓடும். ஆக, செய்ய முடியாதது என்று ஒன்றும் இல்லை. செய்ய மனமில்லை. வட்டா வலையா என்ற பட்டிமன்றம் நம்மைத் திசை திருப்பத்தான் பயன்படும். சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஒன்றுதான் கேள்வி.

பிரதி ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னிந்திய சினிமாவே சாட்சி. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. இன்று ஒரு பிரதிகூட இல்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப்படம் 1933-ல் வந்த சூட்டோடு பதிப்புரிமை வழக்கில் மாட்டிப் பறிமுதலானது. பறிமுதலான அந்தப் பிரதிதான் 1974-ல் புனே திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. 1940-ல் வெள்ளைக்கார அரசு தடை செய்த 'தியாகபூமி'யின் பிரதியும் அதே காப்பகத்தில் பிழைத்துக் கிடக்கிறது. வெள்ளைக்காரன் தடை செய்தபோதுகூடப் படம் எங்காவது ஒரு பெட்டிக்குள் உயிரோடு இருந்தது. இன்றைய தடைக்குப் பெட்டி தேவையில்லை. ஒரு பொத்தான் போதும்.

ஆண்டாளின் முப்பது பாசுரங்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் தாண்டி வந்தது எப்படி? ஓலையில் ஒருவர் வைத்திருந்தார், வாயில் ஒருவர் வைத்திருந்தார், பிறகு அச்சில் ஊருக்கே கிடைத்தது. ஒருவரிடம் அழிந்தால் ஒன்பது பேரிடம் இருந்தது. அந்தப் பாசுரங்களை இந்தக் கம்பெனிகள் கையில் கொடுத்திருந்தால், கூடாரவல்லி அன்று விடிகாலையில் குளித்து முழுகி, அக்காரவடிசலை இறக்கி வைத்துவிட்டு உட்காரும்போது திரையில் தெரிந்திருக்கும்: 'இருபத்தேழாம் பாசுரம் தற்போது உங்கள் பகுதியில் கிடைக்காது. மார்கழி பிரீமியம் திட்டத்துக்கு மாறவும்.'

சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தன் சொந்த வீட்டை ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். கொடுத்த பிறகு ஒரு நாள் ராத்திரி வந்து, உரிம ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று தூணைக் கழற்றிக்கொண்டு போகவில்லை. இலவசமாகக் கொடுத்தவரின் யோக்கியதை அது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்தவர்களின் யோக்கியதையை மேலே பார்த்தோம்.

கேட்க வேண்டியது அதிகமில்லை. எடுத்துக்கொள்ளப் போகிற பொருளென்றால் 'வாடகை' என்று பொத்தானிலேயே பெரிதாகப் போடு, எத்தனை வருஷம் என்றும் போடு. கெடுவுக்கு முன் எடுத்தால் முழுப் பணத்தையும் கேட்காமலே திருப்பிக் கொடு. சர்வரை அணைக்கப் போகிறாயென்றால், சர்வர் இல்லாமல் ஓடும்படி கேமைத் திறந்துவிட்டுப் போ. 1954-லேயே அச்சாகிற ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்கு வர வேண்டும் என்று சட்டம் போட்ட நாடு இது; சினிமாவுக்கும் அதே போல ஒரு கட்டாயத்தைப் போடு. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நம் ஊர் நூலகத்தில் தமிழ்ப் படங்களின் அசல் வட்டுக்கும் ஒரு அலமாரி வை.

இதெல்லாம் அரசின் காதில் விழும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிடித்த படம் அசல் வட்டாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள். பூட்டில்லாத பிரதி கிடைத்தால் அதற்குக் காசு கொடுங்கள். காசு கொடுத்து வாங்கியது காணாமல் போனால், ரசீதையும் கம்பெனி அனுப்பிய கடிதத்தையும் அழிக்காமல் வையுங்கள். கம்பெனியின் தலைமையகம் எந்தக் கண்டத்தில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். போய் வழக்கைப் போடுங்கள்.